பத்து மடங்கின் சத்தியம்

தங்கம் வாங்குகிறவருக்கு உரைகல் உண்டு, தராசு உண்டு, இக்காலத்தில் ஹால்மார்க் முத்திரையும் உண்டு. வைரம் வாங்குகிறவருக்கோ, கடைக்காரர் தம் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "கல் சுத்தமா இருக்கு" என்று சொல்லி, மறுபடியும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் அந்தச் சிறிய மடக்குக் கண்ணாடியைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தக் கண்ணாடியும் மேஜைக்கு அந்தப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. பாட்டி காலத்து எட்டுக்கல் பேசரி முதல் பேத்தியின் கல்யாணத்துக்கு எடுக்கும் ஏழு கல் தோடு வரையில், நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வைரம் வாங்கி வந்திருக்கிறார்கள். கல்லின் எண்ணிக்கையையும் எடையையும் காரட்டும் சென்டுமாக மனப்பாடமாய்ச் சொல்லக்கூடிய பெண்மணிகள் எத்தனையோ பேர். ஆயினும் தாம் காதில் அணிந்திருக்கும் கல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்தவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. லூப் என்று வியாபாரிகள் சொல்லும் அந்தக் கண்ணாடி வாங்குகிறவர் கையிலும் இருக்கவேண்டும் என்பதும், அப்படி இருப்பது பொய் சொல்லாத கண்ணாடியாக அமையவேண்டும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

ஆய்வுக்கூடத்தார் தரும் சான்றிதழ் இருக்கும்போது நமக்கேன் இந்த வேலை என்று சிலர் கேட்கலாம், கேள்வி நியாயமானதே. ஆனால் தனிச் சான்றிதழ் என்பது பெரும்பாலும் பெரிய ஒற்றைக் கற்களுக்கே எடுக்கப்படுகிறது. தோட்டிலும் மூக்குத்தியிலும் வளையலிலும் பதிக்கும் 5 சென்ட், 10 சென்ட் கற்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்தால் விலை கட்டுப்படியாகாது என்பதால், நகை முழுவதற்குமாக ஒரே சீட்டுக் கொடுப்பதுதான் வழக்கமாயிருக்கிறது. ஒரு ஜோடி ஏழு கல் தோட்டில் 14 கற்கள். அந்தப் பதினான்கும் ஒன்றோடொன்று இனம் சேர்ந்தவையா, பதின்மூன்று நல்ல கற்களின் பிரகாசத்தில் பதினான்காவது ஒளிந்துகொண்டிருக்கிறதா என்பதை அந்தச் சீட்டைக்கொண்டு அறிய வழியில்லை. பெரிய கல்லுக்குச் சான்றிதழ் இருந்தாலும், அதில் வருணித்திருக்கும் கல்லும் கையிலிருக்கும் கல்லும் ஒன்றேதானா என்று ஒத்துப் பார்க்கும் பொறுப்பு வாங்குகிறவரையே சாரும். கல்லின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் கூடும் மெல்லிய இடைவிளிம்பில், வியாபாரிகள் கர்டில் என்று சொல்லுமிடத்தில், லேசரால் பொறித்த சான்றிதழ் எண்ணை வாசிப்பதற்குக்கூட லூப் வேண்டும்.

வைரத்தில் குற்றம் தேடுவது நமக்குப் புதிய வித்தையன்று. கோவலன் மதுரை மாநகரைச் சுற்றிவரும் ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் இரத்தினக் கடைத்தெருவைக் காட்டுமிடத்து, வைரத்துக்கு ஆகாத குற்றங்களாக ஏகை, விந்து, களங்கம், காகபாதம் என்னும் நான்கையும் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். கீற்று, புள்ளி, அழுக்கு, காக்கையின் கால்தடமாகக் கிளைத்த பிளவு ஆகிய இவற்றையே இன்றைய ஆய்வுக்கூடத்தாரும் வேறு பெயர்களால் தம் படிவங்களில் எழுதுகிறார்கள். பிற்காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், தக்காணத்து வைரச் சுரங்கங்களுக்கு நேரில் வந்து வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரர் ழான் பப்தீஸ்த் தவெர்னியே, தம் யாத்திரை நூலில் இங்குள்ளோரின் பரீட்சை முறையை வியந்து எழுதியிருக்கிறார். ஐரோப்பியர் பட்டை தீட்டாத கல்லைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். இந்தியரோ இரவில், சுவரில் ஓர் அடி சதுரமாக அமைத்த மாடத்தில் பெருந்திரியிட்ட விளக்கொன்றை வைத்து, அந்த ஒளியில் கல்லை விரல்களுக்கிடையே பிடித்து, அதன் நீரோட்டத்தையும் தெளிவையும் நிதானிப்பார்கள். கல்லில் நீலச் சாயை கலந்திருக்கிறதா என்ற சந்தேகம் எழுந்தால், இலையடர்ந்த மரத்தின் பச்சை நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து நிச்சயிப்பார்கள். அதே தவெர்னியே மற்றொன்றும் சொல்கிறார்: கல்லில் சிறு பிளவு இருக்குமானால், இரண்டு பட்டைகள் கூடும் முனை சரியாக அதன்மேல் வரும்படி தீட்டி அதை மறைப்பதும், கறுப்போ சிவப்போ புள்ளிகள் இருக்குமானால், கல் முழுவதையும் சிறு சிறு பட்டைகளால் மூடிவிடுவதும் அக்காலத்துத் தொழிலாளருக்குக் கைவந்த கலையாக இருந்தன. மறைக்கும் கலை அவ்வளவு தேர்ச்சி பெற்றுவிட்ட தொழிலில், வெறுங்கண்ணை நம்பி வாங்குவது அன்றைக்கே ஆபத்தாகத்தான் இருந்திருக்கும்.

எதற்காகப் பத்து?

லூப் வாங்கப் போகிறவர் மனத்தில் முதலில் எழும் ஆசை, பெருக்கம் மிகுந்ததாகப் பார்த்து வாங்கிவிடவேண்டும் என்பது. 10 மடங்கு காட்டுவதைவிட 20 மடங்கு காட்டுவது மேலானது, 30 மடங்கு அதனினும் மேலானது என்று நினைப்பது இயற்கையே. இந்த ஒரு நினைப்புத்தான் பலரைத் தவறான கண்ணாடியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

மடங்கு என்பதன் கணக்கு எளிது. சிரமமின்றி ஒரு பொருளைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய குறைந்த தூரம் சாதாரணக் கண்ணுக்கு 250 மில்லிமீட்டர் என்று ஒளி சாஸ்திரத்தார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். லென்ஸின் குவியதூரத்தால் இந்த 250-ஐ வகுத்தால் கிடைப்பதே மடங்கு. குவியதூரம் 25 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஓர் அங்குலம் உள்ள லென்ஸ் 10 மடங்கு காட்டும். வட்டமாகத் தீட்டிய ஒரு காரட் வைரத்தின் குறுக்களவு சுமார் 6.5 மில்லிமீட்டர், அதை 10 மடங்கில் பார்க்கும்போது 65 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பளிங்கு மண்டபத்துக்குள் எட்டிப் பார்ப்பதாகவே தோன்றும். ஒரு கல்லின் உள்ளே உலவிவர இந்த அளவு தாராளமாகப் போதும்.

போதும் என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 10 மடங்கு என்பது உலகத்து வைர வியாபாரம் முழுவதும் தனக்குள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை. ராபர்ட் ஷிப்லி என்பவர் 1931-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் தொடங்கிய ஜெமாலஜிக்கல் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கா, சுருக்கமாக ஜி.ஐ.ஏ., 1950-களில் உருவாக்கி இன்று எங்கும் வழங்கும் தெளிவுத் தரவரிசையில் 11 படிகள் இருக்கின்றன. குற்றமே இல்லாத 'ஃப்ளாலெஸ்' முதல், வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று இறங்கி, வெறுங்கண்ணுக்கே குற்றம் தெரியக்கூடிய 'ஐ' வகை வரையில் எல்லாப் படிகளும் 10 மடங்கில் என்ன தெரிகிறது என்பதைக்கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் நகை வியாபாரத்துக்கு வகுத்திருக்கும் நெறிமுறைகளிலும், ஒரு வைரத்தைக் குற்றமற்றது என்று சொல்லி விற்கவேண்டுமானால், தரம் பிரிப்பதில் தேர்ந்த ஒருவர் போதிய வெளிச்சத்தில் பிழை திருத்திய 10 மடங்குக் கண்ணாடியால் பார்க்கும்போது அதில் குற்றம் எதுவும் புலப்படலாகாது என்றே இருக்கிறது. ஆகவே 20 மடங்கில் தேடிப் பிடித்த ஒரு புள்ளி, 10 மடங்கில் தேர்ந்த கண்ணுக்கும் தெரியாதவரையில், அந்தக் கல்லின் படியைக் கீழே இறக்கிவிடாது. 30 மடங்குக் கண்ணாடியோடு கடைக்குப் போகிறவர், விற்பவரோடு பொதுவான அளவுகோல் ஒன்றில்லாமலே பேரம் பேசப் புகுகிறார், நல்ல வி.வி.எஸ். கல்லும் அவருக்குக் குப்பையாகத் தோன்றும். அவருடைய ஆட்சேபத்துக்கு வியாபாரி செவிசாய்க்கவும் மாட்டார், சாய்க்கவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

பெருக்கம் கூடக்கூடக் கையாளும் கஷ்டமும் கூடுகிறது. 20 மடங்குக் கண்ணாடியின் குவியதூரம் 12.5 மில்லிமீட்டரே ஆகையால், லென்ஸ் கல்லை ஏறக்குறைய உரசிக்கொண்டு நிற்க, அதன் சட்டமும் நம் விரல்களும் சேர்ந்து விளக்கொளியை மறித்துவிடும். பார்வைக்குள் அகப்படும் பரப்பும் சுருங்கிவிடும். ஆழத்தில் ஒரு மெல்லிய படலம் மட்டுமே ஒரு சமயத்தில் தெளிவாயிருக்கும். கையின் இயல்பான நடுக்கமும் இருபது மடங்காகிக் கல் துள்ளும். லேசர் எழுத்தை வாசிக்க அது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதற்கண்ணாடியாக ஒருவர் வாங்கவேண்டியது 10 மடங்குதான்.

எண்ணை நம்பலாகாது

10 மடங்கு என்று முடிவு செய்தபின்பு, கடையில் வரிசையாக வைத்திருக்கும் கண்ணாடிகளுள் மெய்யான பத்து எது என்பதே உண்மையான கேள்வி. ஒற்றை லென்ஸ் இரண்டு விதங்களில் நம்மை ஏமாற்றுகிறது. ஒளி கண்ணாடிக்குள் புகுந்து வளையும்போது நீலக் கதிர் சற்று மிகுதியாகவும் சிவப்புக் கதிர் சற்றுக் குறைவாகவும் வளைவதால், வெள்ளை விளிம்புகளில் ஒருபுறம் நீலமும் மறுபுறம் செம்மஞ்சளுமாகச் சாயக்கரை கட்டுகிறது. லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுவில் நுழைபவற்றைவிடக் கிட்டத்தில் குவிவதால், நடுப்பகுதி தெளிவாயிருக்கையில் ஓரம் மங்கிக் கலங்கி நிற்கிறது. முன்னதை நீக்கும் உபாயம் தொலைநோக்கி செய்வோரிடமிருந்து வந்தது. க்ரௌன் கண்ணாடியையும் ஃப்ளின்ட் கண்ணாடியையும் சேர்த்தமைத்தால் ஒன்றின் வர்ணப் பிழையை மற்றொன்று ஈடுசெய்யும் என்ற உண்மையைக்கொண்டு லண்டனில் ஜான் டாலண்ட் 1758-இல் காப்புரிமை பெற்றார். அந்தத் தத்துவமே கையடக்கமான கண்ணாடிக்கு வந்தபோது, நடுவில் க்ரௌன் கண்ணாடியாலான குவிலென்ஸும் அதன் இருபுறமும் ஃப்ளின்ட் கண்ணாடியாலான லென்ஸ்களுமாக மூன்றையும் ஒட்டிச் செய்த 'ட்ரிப்லெட்' பிறந்தது. ஜெர்மனியின் ஸ்டைன்ஹைல், அமெரிக்காவின் சார்ல்ஸ் ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் அமைப்புகள் இந்த வகையைச் சேர்ந்தவை. வைரம் பார்ப்பதற்கென்று வாங்கும் லூப், வர்ணப் பிழையும் ஓரத்தை மங்கச் செய்யும் வளைவுப் பிழையும் திருத்திய ட்ரிப்லெட்டாகவே இருக்கவேண்டும். நிறமின்மைக்காகவே விலை கொடுக்கப்படும் ஒரு கல்லை, தானே சாயம் பூசும் கண்ணாடியால் பரீட்சிப்பதில் என்ன பயன்?

சந்தையில் மிக மலிவாக, '30 மடங்கு, 21 மில்லிமீட்டர்' என்று சட்டத்தில் பொறித்த கண்ணாடிகள் குவிந்து கிடக்கின்றன. இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துவாழ முடியாதவை என்பதற்குச் சாட்சி வேண்டுவோர் கணக்கையே கேட்கலாம். 30 மடங்கு காட்ட 8.3 மில்லிமீட்டர் குவியதூரம் வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் 21 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள முழு உருண்டை ஒன்றைச் செய்தாலும், அதைவிட வளைந்த லென்ஸ் அந்த அகலத்தில் இருக்கவே முடியாதென்னும் அந்த நிலையிலும், அதன் குவியதூரம் சுமார் 15.75 மில்லிமீட்டர், மடங்கு 16-ஐ எட்டாது. உருண்டையே எட்டாத எண்ணை மெல்லிய லென்ஸ் எட்டுவதெங்ஙனம்? சட்டத்தில் எதையும் பொறிக்கலாம்; அதைப் படித்து விலை கொடுப்பவர், நல்ல ட்ரிப்லெட்டின் 10 மடங்கைவிடக் குறைந்த பெருக்கத்தையே பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

மெய்யைக் கண்டுகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்குப் போடும் மில்லிமீட்டர்க் கட்டத் தாள் ஒன்று போதும். தாளை மேஜையில் விரித்து, லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் குனிந்து, கோடுகள் தெளிவாகும் இடத்தில் நின்று, லென்ஸுக்கும் தாளுக்கும் இடையேயுள்ள தூரத்தை மற்றொருவரைக்கொண்டு அளக்கச் செய்யுங்கள். அது ஓர் அங்குலத்தை ஒட்டியிருந்தால் பத்து மடங்கு. 40 மில்லிமீட்டர் இருந்தால், சட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும், அது 6 மடங்குக் கண்ணாடி. பிறகு தலையையோ கையையோ அசைக்காமல் கட்டத்தின் கோடுகளை நடுவிலிருந்து ஓரம் வரையில் கண்ணால் தொடர்ந்து செல்லுங்கள். நல்ல ட்ரிப்லெட்டில் கோடு விளிம்பை நெருங்கும் வரையில் நேராகவே ஓடும். மட்டமானதில் நடுவிலுள்ள இரண்டு மூன்று கட்டங்களைத் தாண்டியதுமே கோடுகள் வெளிப்புறமாக வளைந்து, மங்கி, நீலமும் மஞ்சளுமாக இரட்டைக்கரை கட்டத் தொடங்கும். தாளுக்குப் பதிலாக ஏதேனும் ஓர் இதழின் அட்டைப் படத்தையே வைத்துப் பார்க்கலாம். வண்ணப்படம் என்று நாம் நினைத்தது நீலப்பச்சை, செங்கருநீலம், மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் புள்ளிக் கூட்டமாகப் பிரிந்து நிற்கும். அந்தப் புள்ளிகள் பார்வையின் ஓரத்திலும் வட்டமாகவும் தம் சொந்த நிறத்தோடும் இருக்கின்றனவா என்று கவனித்தால் கண்ணாடியின் குணம் வெளிப்பட்டுவிடும். கடைசியாக, வெறும் வெள்ளைத் தாளை அதன் வழியே நோக்குங்கள். பழைய ட்ரிப்லெட்டுகளில் லென்ஸ்களை ஒட்டுவதற்குப் பயன்பட்ட கனடா பால்சம் என்னும் பிசின் காலப்போக்கில் மஞ்சளிப்பது உண்டு. பாட்டனார் வைத்துவிட்டுப்போன கண்ணாடி எத்தனை உயர்ந்த கம்பெனியுடையதானாலும், வெள்ளையை வெள்ளையாகக் காட்டாவிட்டால் வைரத்துக்கு அது உதவாது.

மற்ற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லென்ஸின் அகலம் 18 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருந்தால், புதிதாகப் பழகுகிறவருக்குக் கல்லைத் தேடி அலையாமல் பார்க்க வசதி. சட்டம் பளபளக்காத கறுப்பாக இருக்கட்டும். தங்க முலாம் பூசியது பார்வைக்கு அழகாயிருந்தாலும், அதன் மஞ்சள் சாயை கல்லில் விழுந்து நிறத்தைப் பற்றிய நிதானத்தைக் கெடுக்கும். சட்டத்துக்குள்ளேயே சிறு மின்விளக்கு பொருத்திய லூப்புகள் மங்கலான கடையில் கைகொடுக்குமாயினும், அவற்றின் ஒளி பல சமயங்களில் நீலம் ஏறியிருப்பதால் நிறத்தை மட்டும் அதில் முடிவு செய்யலாகாது. மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள், வெறும் வெள்ளெழுத்தாயின் அதைக் கழற்றிவிட்டே பார்க்கலாம், தூரத்தைச் சற்று மாற்றினால் குவியம் சரிப்படும்; அச்சுப் பிசகு உள்ளவர்கள் அணிந்தபடியே பார்க்கவேண்டும், அவர்களுக்கு அகலமான லென்ஸ் அவசியம். பெயர்களைக் கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் சைஸ், அமெரிக்காவின் பாஷ் அண்ட் லோம், பெலாரஸ் நாட்டு மின்ஸ்க் நகரத்தின் பெலோமோ ஆகியவற்றைச் சொல்லலாம். பெயர் எதுவானாலும் கட்டத் தாளின் தீர்ப்புக்கு அதுவும் உட்பட்டதே.

கல்லும் கண்ணும்

கண்ணாடி கிடைத்துவிட்டது, இனி கண் பழகவேண்டும். கல்லைப் பஞ்சிழை ஒட்டாத துணியால் நன்றாகத் துடைத்தபின், முனையில் வரிவெட்டுள்ள சாமணத்தால் கர்டிலின் இருபுறமும் பிடித்து எடுக்கவேண்டும். விரல் பட்டால் பட்ட இடத்தில் எண்ணெய்ப் படலம் படர்ந்துவிடும். லூப்பின் உறைக்குள் ஆள்காட்டி விரலை நுழைத்து, அந்தக் கையைக் கன்னத்தோடு அணைத்து, லென்ஸைக் கண்ணருகே நிலைநிறுத்துங்கள். முழங்கைகள் இரண்டும் மேஜையில் ஊன்றியிருக்க, சாமணம் பிடித்த கை லூப் பிடித்த கையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கினால் கல் நடுங்குவது தெரியாது. கல்தான் கண்ணாடியை நோக்கி வரவேண்டும். மற்றக் கண்ணை மூடிக்கொள்வது எல்லோரும் முதலில் செய்யும் காரியம். அதனால் விரைவில் களைப்பு உண்டாகுமாதலால் இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டே பார்க்கப் பழகவேண்டும். விளக்கொளி பக்கவாட்டிலிருந்து கல்லுக்குள் புகட்டும். நம் கண்ணில் படவேண்டாம். கல்லுக்குப் பின்னே கறுப்புத் துணியோ இருண்ட பரப்போ இருந்தால், உள்ளேயுள்ள குற்றங்கள் இருளில் வெளிச்சமாக எழுந்து நிற்கும். சுவர் மாடத்தில் விளக்கை வைத்த தக்காணத்து வியாபாரிகள் இதைத்தான் அறிந்திருந்தார்கள்.

முதலில் தெரிவது ஒரு குழப்பமே. மேலே டேபிள் என்னும் பெரிய தட்டைப் பட்டை, அதைச் சுற்றிச் சாய்ந்திறங்கும் பட்டைகள், அவற்றின் ஊடே கீழ்ப்பாதியின் பட்டைகள், அவை ஒன்றையொன்று பிரதிபலிக்கும் ஒளித்துண்டுகள் என்று எல்லாம் ஒருசேரக் கண்ணைத் தாக்கும். அவசரப்படாமல், முதலில் டேபிளின் மேற்பரப்பில் மட்டும் குவியத்தை நிறுத்துங்கள். அங்கே தெரியும் துகள் தூசியாயிருந்தால் ஊதினால் போய்விடும். பிறகு கல்லை மயிரிழை மயிரிழையாக லென்ஸருகே கொண்டுவந்தால் பார்வை உள்ளே இறங்கும். வைரம் ஒளியை மிகக் கடுமையாக வளைப்பதால், அதன் ஒளிவிலகல் எண் 2.42 ஆதலின், நான்கு மில்லிமீட்டர் ஆழமுள்ள கல்லின் அடிமுனை இரண்டு மில்லிமீட்டர் ஆழத்திலும் குறைவாகவே இருப்பதாகத் தோன்றும். ஆகவே கல்லை நகர்த்தவேண்டிய தூரம் நாம் எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறிது. இப்படி இறங்கும்போது, ஒன்றுமில்லாத தெளிந்த வெளியாகத் தோன்றிய இடத்தில், கல்லைச் சற்றே சாய்த்த மாத்திரத்தில், ஒரு வெண்மையான இறகு பளிச்சென்று ஒளிர்ந்து, இன்னும் சிறிது சாய்த்ததும் அடியோடு மறைந்துவிடும். அதுவே உள்பிளவு, வியாபாரிகள் ஃபெதர் என்பார்கள். ஒரே கோணத்தில் பார்த்துத் திருப்தியடைந்தவர் கண்ணுக்கு அது என்றைக்கும் அகப்படாது. மற்றோரிடத்தில் கூர்மையான விளிம்புகளோடு ஒரு சிறு ஸ்படிகம், வைரம் பூமிக்குள் வளர்ந்த காலத்தில் தனக்குள் சிறைப்படுத்திக்கொண்ட வேறொரு கனிமம், இருக்கக்கூடும். அது அடிமுனைக்கு அருகே இருந்தால் கீழ்ப் பட்டைகளில் பிரதிபலித்து, ஒன்றே பலவாகி ஒரு வளையமாகக் காட்சி தரும். அப்படிப்பட்ட கல்லுக்குப் படியும் இறங்கும், விலையும் இறங்கவேண்டும்.

கர்டிலைச் சுற்றிப் பார்ப்பதற்குத் தனியே நேரம் ஒதுக்குவது நல்லது. என் மனத்துக்கு அதுதான் கல்லின் மிகச் சுவையான பகுதி. பட்டை தீட்டியவர் எடை வீணாகாதிருக்கும் பொருட்டுத் தீட்டாமல் விட்ட இயற்கைத் தோலின் துண்டு ஒன்று சில கற்களில் அங்கே எஞ்சியிருக்கும். அதன்மேல் நுண்ணிய முக்கோணக் குழிவுகள் வரிசையாகத் தெரிந்தால், அது பூமியில் பிறந்த வைரம் என்பதற்கு வலுவான அடையாளம். போலிகளைப் பிடிப்பதிலும் லூப் நல்ல துணை. க்யூபிக் ஸிர்க்கோனியாவின் கடினம் 8-க்குச் சிறிது மேற்பட்டதே ஆகையால், சில காலம் அணிந்தபின் பட்டைகளின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருக்கும்; கடினம் 10 உள்ள வைரத்தின் விளிம்புகளோ கத்தி தீட்டினாற்போல் நிற்கும். 1990-களின் இறுதியில் நகைச் சந்தைக்கு வந்த மாய்ஸனைட், வெப்பத்தைக்கொண்டு சோதிக்கும் பழைய கருவிகளை ஏமாற்றிவிட்டது. லூப்பை அது ஏமாற்ற முடியாது. ஒளியை இரண்டாகப் பிளக்கும் குணம் அதற்கு உண்டாகையால், கல்லைச் சற்றுச் சாய்த்து, மேற்பட்டை ஒன்றின் ஊடே எதிர்ப்புறத்துக் கீழ் விளிம்புகளை நோக்கினால், ஒரு கோடு இரண்டு கோடுகளாகத் தெரியும். வைரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரு கோடு ஒரு கோடே. பிளவுகளைக் கண்ணாடி போன்ற பொருளால் நிரப்பி விற்கும் கற்களில், கல்லைத் திருப்புகையில் அந்த இடத்தில் செம்மஞ்சளோ நீலமோ திடீரென்று மின்னி மாறும். கறும்புள்ளியை எடுப்பதற்காக லேசரால் துளைத்த வழி, மேற்பரப்பிலிருந்து உள்ளே நேராக இறங்கும் ஒரு வெள்ளை நூலிழையாகத் தெரியும்.

இக்கருவியால் ஆகாத ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம் வேறொரு பொருளன்று, வைரமேயாகையால், அதன் கடினமும் ஒளிவிலகலும் பூமியில் பிறந்ததற்கு நிகரானவை. பெரும்பாலான கற்களில் 10 மடங்குக் கண்ணாடி இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. உயர் அழுத்த முறையில் வளர்த்த சில கற்களில் உலோகப் பளபளப்புள்ள கரிய துகள்கள் தென்படலாம். சிலவற்றின் கர்டிலில் வளர்ப்பு வைரம் என்று பொறித்தும் இருக்கலாம். இவை இரண்டும் இல்லாவிட்டால் அதற்குரிய இயந்திரங்கள் உள்ள ஆய்வுக்கூடத்தின் சொல்லே முடிவானது. லூப்பை எடுத்துப் பார்த்த மாத்திரத்தில், "இது நேச்சுரல்" என்று ஆணையிட்டுச் சொல்லும் எவரையும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். இயற்கை வைரமென்று பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கல்லைத் தனியாக வாங்கி ஆசாரியிடம் கட்டக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அப்படிக் கொடுப்பவர்கள், கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் பட்டைகளை ஏறத்தாழக் குறித்து, உள்ளேயுள்ள கீற்றையும் புள்ளியையும் சிவப்பு மையாலும் மேற்பரப்பிலுள்ள குறைகளைப் பச்சை மையாலும் ஆய்வுக்கூடத்தார் செய்வதுபோலவே வரைந்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று வற்புறுத்திச் சொல்லுவேன். இரண்டு கற்களின் எடை ஒன்றாயிருக்கலாம், நிறம் ஒன்றாயிருக்கலாம், குற்றங்கள் அமைந்த இடமும் உருவமும் ஒன்றாயிருப்பதில்லை. நகை திரும்பி வந்தபின் அதே கீற்று அதே பட்டையின் கீழ் இருக்கிறதா என்று பார்த்தால், கொடுத்த கல்தான் திரும்பியிருக்கிறது என்று நிச்சயமாகும், ஆசாரிக்கும் வீண்பழி வராது. கொக்கிகளின் அடியில் ஒன்றிரண்டு குறிகள் மறைந்துபோகலாம். கல்லைச் சாய்த்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். பின்புறத்தை முழுதும் மூடிக் கட்டும் பழைய முறையில் கீழிருந்து ஒளி புகாது, கர்டிலும் தெரியாது, டேபிளின் வழியே காண்பதும் பாதியாகக் குறைந்துவிடும். ஆகையால் படம் வரையவேண்டியது கற்கள் பொட்டலத்தில் தனித்தனியாகக் கிடக்கும்போதே, பணம் கைமாறுவதற்கு முன்பே.